வாடகைப் பணம் உண்டு, வீடுதான் இல்லை

பெறுநர்: அனர்த்த நிவாரணத்தில் வாடகைக் கொடுப்பனவுக்குப் பொறுப்பான அதிகாரிகள், கொழும்பு முதல் பசறை வரை.



மடுல்சீமை மலையிலிருந்து முதலில் ஒரு பாராட்டு. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோரைக் காவுகொண்டது. கண்டி, நுவரெலியாவோடு எங்கள் பதுளை மாவட்டமும் மண்சரிவில் நொறுங்கியது. சரிந்த மண்ணின் ஈரம் காயுமுன்பே அரசாங்கம் அறிவித்துவிட்டது: வீடிழந்த குடும்பம் வாடகை வீட்டுக்குப் போகலாம், மாதம் 25,000 ரூபா தரப்படும். வழக்கமாக எதுவும் தோட்ட லயத்துப் பக்கம் இவ்வளவு சீக்கிரம் ஏறிவருவதில்லை.

ஒரு சின்னச் சிக்கல்தான். மடுல்சீமையில் வாடகைக்கு வீடு இல்லை.

தட்டுப்பாடு என்று தாங்கள் நினைத்துவிடக் கூடாது. வாடகை வீடு என்ற சமாச்சாரமே இங்கே கிடையாது. பசறையிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பாதை ஒரு சிறு கடைவீதியில் கொண்டுபோய் விடும். அதைச் சுற்றி ரோபேரி, பட்டாவத்தை, கொக்காகலை என்று தோட்டங்கள். தோட்டத்தில் உள்ளவை லயம், துரை பங்களா, ஸ்டோர், பிள்ளைக்காம்பரா, கோயில். இவற்றில் எதை வாடகைக்குக் கேட்பது? பங்களாவைக் கேட்கலாம், 25,000 கட்டாது. பிள்ளைக்காம்பராவும் கோயிலும் பள்ளிக்கூடமும் அடைமழைக்கு ஏற்கெனவே இலவசம். ‘பாதுகாப்பு நிலையம்’ என்று தாங்களே பெயரும் வைத்திருக்கிறீர்கள்.

சரி, வீட்டுக்காரராவது யார் என்று பார்ப்போம். வாடகை என்றால் வீட்டுக்காரர் ஒருவர் வேண்டும், எழுத்தில் ஓர் ஒப்பந்தம் வேண்டும், அடியில் கையெழுத்து வேண்டும். தோட்ட நிலம் 1972, 1975ஆம் ஆண்டுகளில் அரசுடைமையானது. 1992இல் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளின் கைக்கு மாறியது. நிலம் 53 வருடக் குத்தகைக்குப் போனது. மடுல்சீமையின் பெயரிலேயே ஒரு கம்பனி உண்டு. ஆக, நிலத்துக்குச் சொந்தக்காரர் அரசாங்கம், குத்தகைக்காரர் கம்பனி, குடியிருப்பவர் கொழுந்து பறிப்பவர். குடியிருப்பவரிடம் உறுதியும் இல்லை, வாடகைச் சிட்டையும் இல்லை. நாலைந்து தலைமுறையாக அவர் அந்தக் காம்பராவில் யாராக இருக்கிறார் என்று சட்டத்தரணியைக் கேட்டால் அவருக்கே தலை சுற்றும். விண்ணப்பத்தில் ‘வீட்டுக்காரர் கையொப்பம்’ என்று ஒரு கோடு வந்தால் யாரைக் கூப்பிடுவது? கம்பனியையா, தங்களையேவா?

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்துக் கணக்கில் ஒரு காம்பரா என்பது பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதில் தாய் தகப்பன், கல்யாணம் முடித்த மகன், இஸ்தோப்பை அடைத்துக்கொண்டு இன்னொரு மகன் என்று இரண்டு மூன்று அடுப்பு எரியும். சுவர் இடிந்தால் அத்தனை அடுப்பும் அணையும். தங்கள் பதிவேட்டில் அது எத்தனை குடும்பம்? ஒரு வீட்டிலக்கத்துக்கு ஒரு கொடுப்பனவு என்றால், அந்த லயத்துக்கு இலக்கம் போட்டது யார் என்ற விசாரணையிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும்.

வாடகை உதவி உலகத்துக்குப் புதிதல்ல. அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் ‘எட்டாம் பிரிவு’ தொட்டே அது நடக்கிறது. உள்ளூர் வீடமைப்பு அலுவலகம் சீட்டு ஒன்றைக் கொடுக்கும். குடும்பம் தன் வருமானத்தில் ஏறக்குறைய முப்பது வீதத்தைக் கட்டினால் மிச்சத்தை அரசு கட்டும். வீடு தேடக் குறைந்தது 60 நாள் தவணை. அங்குள்ள பெரிய நகரங்களிலேயே வீடு அகப்படாமல் சீட்டைத் திருப்பிக் கொடுப்பவர்கள் நிறையப் பேர். அங்கே குறைந்தபட்சம் கதவைத் தட்டி ‘இல்லை’ என்று கேட்டுவிட்டுத் திரும்பலாம். மடுல்சீமையில் தட்டுவதற்குக் கதவு எது?

பசறைக்கோ பதுளை டவுனுக்கோ போகலாமே என்று தங்கள் அலுவலகத்தில் யாராவது சொல்லக்கூடும். நல்ல யோசனை. ஆனால் காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் நிற்காதவருக்கு அன்றைய பேர் விழாது. 2026 வரவு செலவுத் திட்டம் அறிவித்த நாட்சம்பளம் 1,750 ரூபா. அதில் 200 ரூபா, வேலைக்கு வந்ததற்கான ஊக்குவிப்பு. பசறையில் குடியேறி விடிய முன்பு பஸ் பிடித்து மலை ஏறுவதாக வைத்தாலும், பஸ் வந்தால்தானே! பதினைந்து நாள் பேர் தவறினால் வாடகைப் பணத்தைவிடக் கூடுதலாகக் கையைவிட்டுப் போய்விடும். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், கிழவியின் கிளினிக் எல்லாம் தனிக் கணக்கு. டவுன் வீட்டுக்காரர் கேட்கும் முற்பணத்தை யார் கட்டுவது என்பது அதைவிடப் பெரிய கணக்கு.

கொடுப்பனவு சில மாதங்களுக்குத்தான். அதற்குள் புது வீடு எழும்பிவிடும் என்பது தங்கள் நம்பிக்கையாக இருக்கலாம். பதுளை மாவட்டத்தின் பழைய அனுபவம் வேறு. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஆபத்தைச் சொல்லியிருந்தது. யாரும் நகர்த்தப்படவில்லை, நகர்வதற்கு இடமும் தரப்படவில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலையே இறங்கி லயங்களை மூடியது. பிழைத்தவர்களில் பலர் மாக்கல்தெனியத் தேயிலை ஸ்டோரில் தங்கவைக்கப்பட்டார்கள். பூனாகலைப் பக்கம் 75 வீடுகள் கட்டிக் கையளிக்கப்பட்டபோது 2016 ஒக்டோபர். எழுபத்தைந்து வீட்டுக்கு இரண்டு வருடம்! டித்வாவின் கணக்குக்கு எத்தனை வருடம் என்று தங்களிடம் கல்குலேட்டர் இருக்கும்.

இவ்வளவுக்கும் புயலுக்கு ஆறேழு கிழமை முன்புதான், 2025 ஒக்டோபர் 12இல், பண்டாரவளையில் ஜனாதிபதி தலைமையில் ஒரு விழா நடந்தது. இந்திய உதவியில் கட்டப்படும் வீடுகளுக்காக 2,000க்கும் மேற்பட்ட தோட்டக் குடும்பங்களுக்குப் பத்திரம் கொடுத்தார்கள். 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி அறிவித்த பத்தாயிரம் வீட்டின் தொடர்ச்சிதான் அது. எட்டு வருடத்தில் பத்திரம் வந்துவிட்டது என்பதை மறுக்க முடியாது. மழைக்குப் பிடிக்கப் பத்திரம் போதாது என்பதைத்தான் நவம்பர் காட்டியது.

தங்கள் மீதும் முழுப் பழியைப் போட முடியாது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவிட விடாமல் மறித்து நின்றது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. அதுவரை லயத்துப் பாதை அரசாங்கத்துக்கு வெளிநாடு மாதிரி. அப்படிப்பட்ட இடத்துக்கு டவுன்காரருக்கு எழுதிய சுற்றறிக்கையே ஏறி வந்ததில் என்ன ஆச்சரியம்?

முன்னேற்ற அறிக்கைக்கு ஒரு யோசனை. எத்தனை விண்ணப்பம் வந்தது, எத்தனை அங்கீகரிக்கப்பட்டது, எத்தனை ரூபா போனது என்று பத்தி பத்தியாகப் போடுவீர்கள். பக்கத்தில் இன்னொரு பத்தி சேருங்கள்: ‘வீடு கிடைத்தது’. தோட்டப்புறத்துக்கு அந்தப் பத்தியைத் தனியாகவும் போடுங்கள். அது காலியாகக் கிடந்தால் பணம் மட்டும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம்.

முழுதாக வீடிழந்தவருக்கு வீடு கட்ட 50 இலட்சம், காணி வாங்க 50 இலட்சம் வரை என்றும் அறிவித்திருக்கிறீர்கள். பெரிய தொகைதான். ஆனால் மடுல்சீமையில் விற்பனைக்குக் காணி தேடினால் வாடகை வீடு தேடிய கதைதான். சுற்றிவர இருப்பது தாங்களே கம்பனிக்குக் குத்தகைக்குக் கொடுத்த காணி. தங்கள் காணியை வாங்கத் தாங்களே பணம் தருகிறீர்கள், ஆனால் விற்க ஆளில்லை.

ஆகவே கோரிக்கை இதுதான். கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ‘சரியாது’ என்று எழுதித் தரும் இடத்தில், குத்தகைக் காணியிலிருந்தே ஏழோ பத்தோ பேர்ச்சை அளந்து, பிரட்டுக்கு நடந்துபோகும் தூரத்தில், குடும்பத்தின் பெயருக்கே உறுதியோடு கொடுங்கள். வீடு எழும்பும் வரை வாடகைக் காசைத் தற்காலிகக் கொட்டிலுக்குத் தகரமும் மரமும் வாங்கப் பாவிக்க அனுமதியுங்கள். பதிலைத் தோட்டக் காரியாலயத்துக்கு அனுப்பாமல் அந்தந்த வீட்டு இலக்கத்துக்கே தபாலில் அனுப்புங்கள். இலக்கம் இல்லாத வீட்டுக்கு முதலில் அதை ஒதுக்கித் தாருங்கள்.