நாக்குமானி: பழவேற்காட்டு உப்பறி முறை குறித்து ஓர் ஆய்வு

கண்ணாடித் தொட்டியில் கடல்மீன் வளர்ப்பவர் மீனுக்குச் செலவழிப்பதைவிடத் தண்ணீரைச் சோதிப்பதற்கு அதிகம் செலவழிப்பார். அமோனியாவுக்கு ஒரு குப்பி, நைட்ரேட்டுக்கு ஒன்று, கால்சியத்துக்கு ஒன்று. இந்த நோயின் மூலத்தை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. இதற்குப் பழவேற்காட்டில் கைவசமுள்ள மாற்று மருந்தை நிறுவினால் போதும்.

ஆய்வுக்களம் இரண்டு. ஒன்று, எங்கள் கூடத்தில் டிவிக்குப் பக்கத்திலுள்ள 60 லிட்டர் தொட்டி. கொளத்தூரில் வாங்கியது. உள்ளே இரண்டு க்ளவுன் மீன், ஒரு நத்தை, பவளம் போல ஒரு ரெசின் பொம்மை. நிஜப் பவளம் 2001இல் வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறி, புலியோடு ஒரே பந்தியில் உட்கார்ந்துவிட்டது. ஆகவே இவ்வாய்வாளர் ரெசினோடு நிறுத்திக்கொண்டார்.

இரண்டாவது களம், தெருக்கோடியில் தொடங்கி ஆந்திராவுக்குள் போய் முடியும் ஏரி. உவர்நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்து நாட்டிலேயே பெரியது. சராசரி ஆழமோ ஒரு மீட்டர்தான். ஆக, இதுவும் தொட்டியே. மூடி மட்டும் இல்லை.

வீட்டுத் தொட்டியில் உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு இருக்க வேண்டும் என்பது சாத்திரம். இரண்டு பங்கு ஏறினால் வளர்ப்பவருக்குத் தூக்கம் போய்விடும். ஏரியில் கதையே வேறு. ஐப்பசி, கார்த்திகையில் ஆரணியாறும் காளங்கியும் வெள்ளம் கொண்டுவந்து கொட்டினால் உப்பு ஏறக்குறைய இல்லாமலே போகும். கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டால் 50ஐத் தாண்டும். இறாலும் மடவையும் இதற்குள்தான் காலங்காலமாகக் குடும்பம் நடத்துகின்றன.

இனி, கருவி. பெரியப்பா படகிலிருந்தபடி ஆள்காட்டி விரலைத் தண்ணீரில் முக்கி, நுனிநாக்கில் வைத்து, துப்புவார். மொத்தம் மூன்று விநாடி. துப்பும் திசை காற்றைப் பொறுத்தது; அது தனி ஆய்வுக்குரியது. இம்மானியில் அளவுகள் மூன்றே: 'சப்புனு இருக்கு', 'உவரா இருக்கு', 'கரிக்குது'. உவர்ப்பும் கரிப்பும் ஒரே சுவைதானே என்று புலவர்கள் வாதிடலாம். வலையை எங்கே போடுவது என்று முடிவுசெய்ய வேண்டிய அவசியம் புலவர்களுக்கு இருந்ததில்லை.

பராமரிப்பு பற்றியும் சொல்ல வேண்டும். ஏரியில் எந்த வலைக்கு எந்த நாள் எந்த இடம் என்று ஊர் கூடி முறைவைத்துப் பிரித்துக்கொள்வதற்குப் பாடு என்று பெயர். தொட்டிக்குத் தண்ணீர் மாற்றும் வேலையையும் வீட்டில் பாடு முறைப்படி சீட்டுப் போட்டோம். நான்கு வாரமும் என் பெயரே வந்தது. சீட்டுகளைப் பிரித்துப் பார்க்கும் துணிவு எனக்கு வரவில்லை.

அப்படித்தான் அந்தச் சித்திரையில் தொட்டியில் தினம் ஒரு லிட்டர் குறையக் குறைய, உப்பு கலந்த தண்ணீரையே ஊற்றிவந்தேன். ஆறாம் நாள் உப்பளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தேன்: 35. பூரித்துப்போனேன். நண்டு கொடுக்க வந்த பெரியப்பா, யாரையும் கேட்காமல் விரலை முக்கினார்.

"டேய், கடலே இவ்ளோ கரிக்காதுடா."

மீட்டரை நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இது யாரு நாக்கு?"

அவர் போனதும் மீட்டரில் ஒரு சொட்டு ஆர்.ஓ. தண்ணீர் விட்டேன். பூச்சியம் காட்ட வேண்டிய கோடு அதற்கும் கீழே போய் நின்றது. வீட்டுப் பிள்ளை ஒன்று மீட்டரின் திருகை முடுக்கி விளையாடியிருந்தது. ஆவியாகிப் போவது தண்ணீர்தான். உப்பு தொட்டியிலேயே தங்கும். லிட்டருக்கு 35 கிராம் வீதம் ஆறு நாளில் 210 கிராம் கூடுதலாகச் சேர்த்திருக்கிறேன். கணக்குப்படி உப்பு 38.5. ஆவியான இடத்தில் நல்ல தண்ணீரை அல்லவா ஊற்றியிருக்க வேண்டும்!

கோடைதோறும் ஏரி செய்வதும் இதே தவறுதான். வெயில் குடித்த இடத்தைக் கடல்நீர் வந்து நிரப்புகிறது. முகத்துவாரமும் தூர்ந்துவிட்டால் பழைய தண்ணீர் வெளியேற வழியில்லை. அங்கே தூர்வாரச் சொல்லி ஊரார் மனுமேல் மனு எழுதினார்கள். எனக்கு மனு தேவைப்படவில்லை. ஐந்தரை லிட்டரை மொண்டு வெளியே ஊற்றி, மூன்று நாளில் சிறுகச் சிறுக ஆர்.ஓ. தண்ணீரை விட்டதில் தொட்டி பழைய நிலைக்கு வந்தது.

நாக்குமானியின் குறை ஒன்றையும் பதிவுசெய்வது நேர்மை. பெரியப்பாவின் விரலில் நண்டு வாடை இருந்தது. க்ளவுன் மீன்கள் இரண்டும் விரல் பட்ட மூலையிலேயே அன்று பொழுதன்னைக்கும் வாயைப் பிளந்துகொண்டு நின்றன.