துப்பறியும் சிறார்கள்

கேள்வி: பதின்பருவப் பிள்ளைகளைத் துப்பறியும் நாவல்கள் கட்டிப்போடுவது ஏன்?

பதில்: ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். எகிப்திய எழுத்தாளர் மஹ்மூத் சாலிம் 1968இல் தொடங்கிய ‘ஐந்து சாகசக்காரர்கள்’ என்னும் அரபுத் தொடர், ஆங்கில எழுத்தாளர் எனிட் பிளைட்டனின் சிறுவர் துப்பறியும் கதைகளை அடியொற்றி, கெய்ரோவின் மாதி புறநகரைக் களமாகக் கொண்டு, வளைகுடா உட்பட அரபு நாடுகளெங்கும் வாசகர்களைப் பெற்றது. அதன் தலைவன் தக்தக் பருமனான சிறுவன்; உடல் வலிமையால் அன்றி, காவலர் காணத் தவறும் தடயத்தை, அதாவது குற்றம் விட்டுச்சென்ற சிறு அடையாளத்தை, உற்றுநோக்கியே அவன் வெல்கிறான். வீட்டிலும் பள்ளியிலும் பதில் சொல்லியே பழகிய பிள்ளை, பெரியவர்களைக் கேள்வி கேட்கும் உரிமையைப் பெறுவது இக்கதைகளில்தான்; ஈர்ப்பின் வேர் அதுவே.

சாலிமின் ‘பதின்மூன்று சைத்தான்கள்’ தொடரிலோ இளம் உளவாளிகள் வெவ்வேறு அரபு நாடுகளைச் சேர்ந்தவர்கள். குவைத்தின் காலிதும் சவூதியின் கைஸும் அவர்களுள் இடம்பெற்றதால், வளைகுடாச் சிறுவர்கள் தம் மண்ணின் பிள்ளையையே கதைக்குள் கண்டனர்.

துபாயிலும் ஷார்ஜாவிலும் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் கதைக்குள் தம்மைக் காணும் உரிமை உண்டு. பல நாட்டினர் ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்கும் அடுக்ககமும், வெயிலுக்கு அஞ்சி வீட்டுக்குள்ளேயே கழியும் கோடை மாதங்களும் மர்மக் கதைக்கு வாய்த்த களங்கள். அத்தகைய கதைகளை வாசகரிடம் சேர்க்க, 1982 முதல் நடைபெற்றுவரும் ஷார்ஜா புத்தகக் கண்காட்சியும் அருகிலேயே இருக்கிறது. வளைகுடாத் தமிழ் எழுத்தாளர்கள் அப்பிள்ளைகளுக்காகத் துப்பறியும் நாவல்களை எழுத முன்வர வேண்டும்.