பிடிவாதம் கண்ணுக்கு இல்லை, மூளைக்கு!

வி.ஆர். எனும் மெய்நிகர் கண்ணாடி மாட்டிக்கொண்டு விளையாடினால் சோம்பல் கண் குணமாகிவிடும் என்று ஒரு காணொளி தங்குவிடுதிகளில் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவிக்கொண்டிருக்கிறது. இந்த வாரக் கேள்விகள் எல்லாமே அதையொட்டித்தான். பெரும்பாலும் சிங்கப்பூரின் துவாஸிலிருந்து.

கேள்வி: அண்ணே, எனக்கு 31 வயசு. கப்பல் பட்டறையில் வெல்டர். சின்ன வயசிலிருந்தே இடது கண் மங்கல். கண்ணாடி போட்டும் தெளியலை. 'சோம்பல் கண், வயசு தாண்டிப்போச்சு, விட்டுடு' என்று ஊரில் சொல்லிவிட்டார்கள். வி.ஆரில் சரியாகும் என்பது உண்மையா? (வெல்டர், துவாஸ்)

பதில்: கொஞ்சம் உண்மை, தம்பி. அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று தெரிந்துகொண்டால் ஏமாறவும் மாட்டீர்கள், மனம் தளரவும் மாட்டீர்கள்.

உங்கள் இடது கண்ணை மருத்துவர் விளக்கடித்துப் பார்த்தால் பெரும்பாலும் பழுது எதுவும் தென்படாது. குழந்தையாக இருந்தபோது ஒரு கண்ணுக்கு மட்டும் பவர் அதிகமாக இருந்திருக்கும், அல்லது மாறுகண் இருந்திருக்கும். இரண்டு கண்ணும் பொருந்தாத படங்களை அனுப்ப, மூளை தெளிவானதை வைத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கப் பழகிவிட்டது. இதுதான் சோம்பல் கண். நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்கு இப்படி உண்டு. துவாஸ் லிங்க் நிலையத்தில் நின்று, வலது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு பெயர்ப்பலகையைப் பாருங்கள். தனியாக நிற்கும் எழுத்து பிடிபடும். வரிசையில் நிற்பவை பக்கத்து எழுத்தோடு முட்டி நெரிசலாகிவிடும். வெறும் பவர் குறைபாட்டில் இந்த நெரிசல் இவ்வளவு இருக்காது.

கேள்வி: அப்படியானால் 'வயசு தாண்டிப்போச்சு' என்று டாக்டர்கள் சொல்வது தப்பா? (அதே வெல்டரின் அறைத்தோழர்)

பதில்: அவர்கள் படித்த பாடம் அது. 1960களில் ஹார்வர்டில் டேவிட் ஹியூபெல், டார்ஸ்டன் வீசல் இருவரும் பூனைக்குட்டியின் ஒரு கண் இமையைத் தைத்து மூடிவைத்தார்கள். பின்னர் பிரித்துப் பார்த்தால் கண் நன்றாகத்தான் இருந்தது. மூளையின் பார்வைப் பகுதி அதைக் கைவிட்டிருந்தது. வளர்ந்த பூனைக்கு அதையே செய்தபோது அப்படி ஆகவில்லை. 1981ல் இருவருக்கும் நோபல் பரிசு. ஏழெட்டு வயதோடு கதவு சாத்திக்கொள்ளும் என்பது மருத்துவமனைகளில் வழக்குச் சொல்லாகவே ஆகிவிட்டது.

கதவு சாத்தியிருப்பது உண்மை. தாழ் போட்டதாகத் தெரியவில்லை. 2005ல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வில், அதுவரை சிகிச்சையே பெறாத 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்குக் கண்ணாடியோடு நல்ல கண்ணை மறைக்கும் ஒட்டும் கொடுத்தார்கள். 47 விழுக்காட்டினர் முன்னேறினார்கள். கண்ணாடி மட்டும் போட்டவர்களில் 20 விழுக்காடு.

நம் இந்தியாவிலேயே இதைவிட என் மனத்தைத் தொட்ட சான்று உண்டு. எம்.ஐ.டி. பேராசிரியர் பவன் சின்ஹா டில்லியில் தொடங்கிய 'பிரகாஷ்' திட்டத்தில், பிறவியிலேயே கண்புரையோடு பார்வையில்லாமல் வளர்ந்த சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் அறுவை செய்தார்கள். பாடப்புத்தகக் கணக்குப்படி காலம் கடந்துவிட்ட பிள்ளைகள். நூற்றுக்கு நூறு பார்வை வரவில்லை. ஆனால் முகத்தையும் பொருளையும் மாதக்கணக்கில் படிப்படியாகக் கற்றுக்கொண்டார்கள். மூளை பிடிவாதக்காரர்தான், பேச்சுவார்த்தைக்கு வருகிறார்.

கேள்வி: அந்த வி.ஆர். பெட்டிக்குள் அப்படி என்னதான் நடக்கிறது? (கிடங்கு ஊழியர், குல் சர்க்கிள்)

பதில்: பெட்டிக்குள் ஒவ்வொரு கண்ணுக்கும் தனிப்படம். அதுதான் சூட்சுமம். சோம்பல் கண்ணுக்குப் பளிச்சென்று முழு அழுத்தத்தோடு படம் போகும். நல்ல கண்ணுக்கு வெளிறிய படம். விளையாட்டிலும் பங்கு பிரித்துவிடுவார்கள்: பந்து ஒரு கண்ணுக்கு மட்டும், மட்டை மற்றதற்கு மட்டும். இரண்டையும் சேர்க்காமல் ஒரு புள்ளிகூட எடுக்க முடியாது. ஒதுக்கிய கண்ணை மூளை கூப்பிட்டே தீரவேண்டும். பழகப் பழக, நல்ல கண்ணின் படத்தையும் மெல்ல அழுத்தமாக்குவார்கள். நல்ல கண்ணை மூடிவிடும் பழைய முறையில் இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்யப் பழகவே வாய்ப்பில்லை.

கேள்வி: பலன் உண்டு என்று நிரூபித்திருக்கிறார்களா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். (மின்பணியாளர், துவாஸ் வெஸ்ட் ரோடு)

பதில்: சிறுவர்களுக்கு உண்டு. பெரியவர்களுக்கு இன்னும் அரைகுறை.

2021 அக்டோபரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 'லுமினோப்பியா' என்ற வி.ஆர். சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தது. அந்த அனுமதி அப்போது 4 முதல் 7 வயதுக்குத்தான். அதற்கு அடிப்படையான ஆய்வில் தினம் ஒரு மணி நேரம், வாரம் 6 நாள், 12 வாரம் பிள்ளைகள் அதில் தொலைக்காட்சி நிகழ்ச்சி பார்த்தார்கள். எழுத்துப் பலகையில் சராசரியாக 1.8 வரி முன்னேற்றம். வெறும் கண்ணாடி போட்டவர்களுக்கு 0.8 வரி. 31 வயது வெல்டரை அந்த ஆய்வில் யாரும் சோதிக்கவில்லை. காணொளி சொல்லாமல் விடுவது இதைத்தான்.

பெரியவர்களையும் சேர்த்து நடந்த 'பிராவோ' ஆய்வு 2018ல் வெளியானது. 7 வயதுக்கு மேற்பட்ட 115 பேர். இரு கண்ணுக்கும் பங்கு பிரித்த விளையாட்டைச் சிறு திரையில் 6 வாரம் ஆடினார்கள். ஒப்புக்குக் கொடுத்த சாதாரண விளையாட்டைவிட அது எந்த விதத்திலும் மேலாக இல்லை. அது வி.ஆர். இல்லை என்று நிறுவனங்கள் வாதாடலாம். வாதாடட்டும், அதே அளவு கட்டுப்பாட்டோடு ஆய்வும் செய்து காட்டட்டும்.

மறுபக்கமும் சொல்லவேண்டும். 2004ல் இஸ்ரேலின் உரி பொலாட் குழு, 9 முதல் 55 வயது வரை உள்ளவர்களுக்கு மங்கலான கோட்டு உருவங்களைக் கணினியில் அடையாளம் காணும் பயிற்சி கொடுத்து, பார்வையில் கணிசமான முன்னேற்றம் கண்டது. அதே தொழில்நுட்பத்தைக் குறைந்த கிட்டப்பார்வைக்குப் பயன்படுத்திப் பார்த்து, சிங்கப்பூரின் கண் மருத்துவர் டோனல்ட் டான் 2008ல் முடிவுகளை வெளியிட்டார். ஆக, வயதுவந்தோரின் மூளை பயிற்சியால் மாறும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எவ்வளவு மாறும், எவ்வளவு நாள் நிற்கும் என்பதில்தான் விளம்பரம் ஆய்வை முந்திக்கொண்டு ஓடுகிறது.

கேள்வி: இணையத்தில் வி.ஆர். பெட்டி வாங்கி, நானே செயலியை இறக்கி ஆடலாமா?

பதில்: வேண்டாம். மாறுகண் உள்ள பெரியவர்களுக்கு மூளையின் அந்த ஒதுக்கலே ஒரு பாதுகாப்பு. அதைத் தாறுமாறாகக் கலைத்துவிட்டால் எல்லாமே இரண்டிரண்டாகத் தெரியத் தொடங்கும். சிலருக்கு அது திரும்பிப் போகாது. மருத்துவர் பார்த்து, சரியான கண்ணாடி போட்டு, அதற்குப் பிறகு பயிற்சி. கண்ணாடியைச் சில மாதம் ஒழுங்காகப் போட்டதிலேயே பெரியவர்களுக்கும் பார்வை கூடியதைப் பார்த்திருக்கிறார்கள்.

கேள்வி: வேலை நேரத்தில் நல்ல கண்ணுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டால் பயிற்சி ஆகுமே?

பதில்: ஏணியில், ஃபோர்க்லிஃப்டில், சாரத்தில், சாலையில் ஒருக்காலும் கூடாது!

கேள்வி: 3டி படம் எனக்குத் தட்டையாகத்தான் தெரியும். நான் லிஃப்டிங் வேலையில் ரிக்கர். கொக்கி எவ்வளவு தூரம் என்று கணிப்பது சிரமம். சூப்பர்வைசரிடம் சொன்னால் வேலை போய்விடுமோ? (துவாஸ் சவுத்)

பதில்: அந்தப் பயம் புரிகிறது. ஊரில் கடன் இருக்கும்போது 'உண்மையைச் சொல்' என்று எழுதுவது எனக்குச் சுலபம். ஆனாலும் தொங்கும் பாரத்தின் கீழே இன்னொரு வீட்டுப் பிள்ளை நிற்கிறார். முதலில் மருத்துவரிடம் சொல்லி, ஆழப் பார்வையைச் சோதித்து, வேறு பணிக்கு மாற வழி கேளுங்கள்.

ஆழப் பார்வை பிற்காலத்தில் வந்தவர்களும் உண்டு. குழந்தையிலிருந்தே மாறுகண் உள்ள அமெரிக்க நரம்பியல் அறிஞர் சூசன் பேரி, 48 வயதில் பயிற்சி எடுத்தார். வி.ஆர். இல்லை, ஒரு கயிறும் அதில் கோத்த வண்ண மணிகளும். ஒருநாள் காரில் ஏறியபோது ஸ்டீயரிங் சக்கரம் டாஷ்போர்டை விட்டு முன்னால் மிதந்து நின்றது. எல்லோருக்கும் கிடைக்கும் என்று இதைச் சொல்லவில்லை.

கேள்வி: கடைசியாக, நான் நாளைக்கே செய்யவேண்டியது ஒன்றே ஒன்று என்றால்? (அதே வெல்டர்)

பதில்: வலது கண்ணைக் காப்பாற்றுங்கள். வெல்டிங் முடிந்து முகமூடியை மேலே தள்ளிவிட்டு, சுத்தியலால் ஸ்லாக் தட்டுகிறீர்களே, அந்த ஒரு நிமிடத்தில் தெறிக்கும் சூடான துணுக்கு எந்தக் கண் என்று கேட்டுவிட்டு வராது. முகமூடிக்கு உள்ளேயும் பக்கவாட்டு மறைப்புள்ள பாதுகாப்புக் கண்ணாடி இருக்கட்டும். பக்கத்தில் கிரைண்டிங் நடந்தாலும் கழற்றாதீர்கள். பிரிட்டனில் சோம்பல் கண் உள்ளவர்கள் நல்ல கண்ணையும் இழந்த கதைகளைத் தொகுத்து 2002ல் 'லான்செட்' மருத்துவ இதழ் வெளியிட்டது. வேலையில் இருந்த 102 பேரில் வேலையைத் தொடர முடிந்தது 36 பேரால் மட்டுமே.

அடுத்து, பரிசோதனை. இங்கே சிங்கப்பூர் தேசியக் கண் நிலையம் இருக்கிறது; வெளிநாட்டு ஊழியர்களுக்கு மானியம் கிடையாது, செலவை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். விடுப்பில் ஊருக்குப் போகும்போது மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற இடங்களில் பார்ப்பது பலருக்கு வசதி.

கேள்வி: என் மகனுக்கு நாலு வயசு, புதுக்கோட்டையில் இருக்கிறான். எனக்கு இருப்பது அவனுக்கும் வருமா? (பாரந்தூக்கி இயக்குநர், துவாஸ்)

பதில்: குடும்பத்தில் இருந்தால் வாய்ப்புக் கூடுதல். சிங்கப்பூரில் சீனப் பாலர்களைச் சோதித்து 2010ல் வெளியான ஆய்வில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேல் சோம்பல் கண் இருந்தது. பிள்ளைக்கு ஒரு கண் தெரியவில்லை என்று பிள்ளைக்கே தெரியாது. இன்னொரு கண்ணால் ஓடி ஆடிக்கொண்டிருப்பான். பள்ளியில் சேர்ந்து, அங்கே கண் பரிசோதனை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இன்றைக்கு வீட்டுக்குப் பேசும்போது மனைவியிடம் சொல்லுங்கள்: கண் மருத்துவரிடம் கூட்டிப்போகவேண்டும், சொட்டு மருந்து விட்டுப் பவர் பார்க்கவேண்டும், ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாக மூடிச் சோதிக்கவேண்டும். கண்ணாடி எழுதிக்கொடுத்தால், அவன் எத்தனை முறை கழற்றி எறிந்தாலும் திரும்பத் திரும்ப மாட்டிவிடச் சொல்லுங்கள்.