சேற்றுச் சொற்களின் பாதமூலம்

சொல் நாவில் பிறக்கிறது என்பது இலக்கணிகளின் நம்பிக்கை. ஏனைய சொற்களுக்கு அது பொருந்தலாம். சேற்று நிலத்தைக் குறிக்கும் அடைமொழிகள் உள்ளங்காலில் பிறந்தவை என்பதே இக்கட்டுரையின் துணிபு. ஆங்கிலத்தின் ‘பொகி’ என்ற சொல்லுக்கு வேர், ஐரிஷ் மொழியில் ‘மெது’ என்று பொருள்படும் ‘பொக்’. நிலம் மெதுவென்று கண்ணுக்குத் தெரியாது, மிதித்தவனுக்கே தெரியும். ‘குவாகி’யோ நடுக்கத்தைக் குறிக்கும் ‘குவேக்’குடன் உறவுள்ளது, நிலம் நடுங்குவதை முதலில் அறிவதும் காலே. ‘மார்ஷ்’ மட்டும் விலகி நிற்கிறது. அதன் வேர் கடலையும் ஏரியையும் குறித்தது. ஆகவே அது கரையில் நின்று பார்த்தவன் சொல். மற்றவை இறங்கிப் புதைந்தவன் சொற்கள்.

இப்பகுப்புக்கு மட்டக்களப்பே சான்று. அப்பெயரை ‘மட்டமான களப்பு’ என்று பிரிப்பவர்கள் நீரின் சமதளத்தைக் கண்ணால் அளந்தவர்கள். சிங்களத்தில் ‘மட’ என்றால் சேறு என்று காட்டி, ‘சேற்றுக் களப்பு’ என்பவர்கள் காலின் கட்சி. வழக்கைத் தீர்க்கக் களப்புக்கு மேற்கே, செங்கலடி–பதுளை வீதியிலுள்ள கரடியனாற்றுக்குப் போகலாம். மாரி மழையில் ஊறிய வட்டைக்குள் வரம்பிலிருந்து காலை வைத்தால் கணுக்கால் போகும், பிறகு கெண்டைக்கால். இழுத்தால் ‘சதக்’ என்ற ஒலியோடு கால் வரும், செருப்பு வராது. ‘வயல் சதசதெண்டு கிடக்கு’ என்று உழவர் சொல்லும்போது அந்த ஒலியே அடைமொழியாகிறது. இடையில் எந்த மொழிக்குடும்பமும் தேவைப்படவில்லை.

‘ஸ்வாம்ப்’ என்ற சொல் பஞ்சுபோன்ற பொருள்களின் பெயர்களோடு உறவுள்ளதாயிற்றே, பஞ்சைப் பிழிவது கையல்லவா என்று கேட்கலாம். நீரூறிய நிலத்தைக் கையால் பிழிந்து பார்த்தவர் எவருமில்லை. காலால் பிழியாதவரும் இல்லை. அகராதிக்காரர் சேற்றில் இறங்கினாரா என்பது அடுத்த தடை. ஆக்ஸ்போர்ட் அகராதியின் பதிப்பாசிரியர் ஜேம்ஸ் மறே, தோட்டத்தில் நிலத்துக்குள் தாழ்த்திக் கட்டிய ஈரக் கொட்டிலில், குளிருக்குப் பயந்து கால்களைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வேலை செய்தவர். பெட்டிக்குள் இருந்த கால் சாட்சி சொல்லாததில் வியப்பில்லை. எனவே தீர்ப்பு காலின் பக்கமே. மாற்றுக் கருத்துடைய அறிஞர்கள் மார்கழியில் கரடியனாற்றுக்கு வரலாம். செருப்பை வரம்பிலேயே கழற்றிவிடுவது ஆய்வுக்கும் செருப்புக்கும் நல்லது.