கேளுங்கள், மிதித்துக்கொண்டே சொல்கிறேன்

கேள்வி: வேளச்சேரியிலிருந்து கிண்டிக்கு சைக்கிளில் போகலாம் என்றுதான் ஆசை. வேர்த்து விறுவிறுத்து ஆபீசில் போய் நிற்பேனே?

பதில்: பஸ் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போனால் மட்டும் மல்லிகைப்பூ மணக்க இறங்குகிறீர்களாக்கும்! மே மாதச் சென்னையில் சும்மா நின்றாலே வேர்க்கும். வேர்வைக்கென்று பெரிதாக வாடை கிடையாது. தோலில் இருக்கும் பாக்டீரியா அதில் கைவைத்த பிறகுதான் அக்கம்பக்கத்தார் மூக்கைப் பொத்துவார்கள். குளித்துவிட்டுக் கிளம்புங்கள், நிதானமாக மிதியுங்கள். முதுகுப் பையைக் கழற்றிக் கேரியரில் கட்டினாலே பாதி வேர்வை மிச்சம். போனவுடன் சட்டை மாற்றாதீர்கள்; பத்து நிமிஷம் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து உடம்பு ஆறிய பிறகு மாற்றுங்கள். அவசரப்பட்டால் இரண்டாவது சட்டையும் நனையும்.

கேள்வி: 25,000 ரூபாய்க்கு ஒரு கியர் சைக்கிள் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா?

பதில்: அதில் மட்கார்டு இருக்கிறதா? கேரியர்? ஸ்டாண்ட்? பெல்? கடையில் பளபளவென்று நிற்கும் பல சைக்கிள்களில் இது ஒன்றும் இருக்காது. ஐப்பசி மழையில் ஒருநாள் எடுத்துப் போங்கள், பின்சக்கரம் இடுப்பிலிருந்து காலர் வரை சேற்றால் நேர்கோடு போட்டு அனுப்பும். மலையில் ஓட்டச் செய்த தடித்த டயரை அண்ணா சாலையில் உருட்டுவதும் வீண் உழைப்பு. சமதளமான ஊரில் கியர் இல்லாத சாதாரண சைக்கிளே ஐந்தாறு கிலோமீட்டருக்குத் தாராளம். மிச்சமாகும் பணத்தில் நல்ல பூட்டு ஒன்று வாங்கி, சக்கரத்தோடு ஃபிரேமையும் சேர்த்துக் கம்பத்தில் பூட்டுங்கள்.

எதை வாங்கினாலும் சீட்டின் உயரத்தைச் சரிசெய்யுங்கள். உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வையுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதித்தால் முட்டி லேசாக மடங்கும், அதுதான் அளவு. இரண்டு காலும் தரையில் அழுந்தும்படி சீட்டை இறக்கிவைத்துக்கொண்டு, ராத்திரி முட்டிக்குத் தைலம் தேய்ப்பவர்கள் நம் ஊரில் ஏராளம்.

கேள்வி: எடை குறையுமா?

பதில்: வழியில் எத்தனை பஜ்ஜிக் கடை என்று சொல்லவில்லையே நீங்கள்.

கேள்வி: எனக்கு நாற்பது வயதாகிறது. சைக்கிளே ஓட்டத் தெரியாது. இனிமேல் கற்றுக்கொண்டால் தெருவே சிரிக்கும்.
(திருச்சி வாசகி)

பதில்: பக்கத்து மாவட்டக் கதையே இருக்கிறதே, அம்மா. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ஏறினார்கள். கேலிக்குக் குறைவில்லை. அவர்களோ ஆண்கள் சைக்கிளே வசதி, முன்பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள்! நீங்கள் சீட்டை நன்றாக இறக்கி, பெடலை மறந்து, காலால் தரையை உந்தி உந்திப் பாருங்கள். பேலன்ஸ் வந்த பிறகு பெடல். சீட்டைப் பழையபடி உயர்த்த மறக்க வேண்டாம்.

கேள்வி: லாரி, பஸ் என்றாலே பயமாக இருக்கிறது.

பதில்: பயம் நல்லது, ஓரத்தில் ஒட்டிக்கொண்டு போவதுதான் நல்லதல்ல. நிற்கும் காரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளிப் போங்கள். எவர் எப்போது கதவைத் திறப்பார் என்று அவருக்கே தெரியாது. ஸ்டாப்பிங்கில் ஒதுங்கும் பஸ்ஸின் இடப்பக்கம் நுழையவே நுழையாதீர்கள். டிரைவரின் முகம் அவர் கண்ணாடியில் உங்களுக்குத் தெரியவில்லையா? அவருக்கும் உங்களைத் தெரியவில்லை. இருட்டினால் பின்னால் சிவப்பு விளக்கு. தேங்கிய மழைத் தண்ணீருக்குள் இறங்க வேண்டாம், அடியில் மூடி இருக்கிறதோ இல்லையோ! ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உள்தெருக்கள் வழியாக வெள்ளோட்டம் விட்டுப் பாருங்கள். முதலில் வாரம் இரண்டு நாள் போதும்.

கேள்வி: நாய் துரத்தினால்?

பதில்: வேகம் எடுத்தால் அதற்குக் கொண்டாட்டம். இறங்கி, உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் சைக்கிள் இருக்கும்படி மெதுவாகத் தள்ளிக்கொண்டு போங்கள். துரத்த ஒன்றுமில்லாவிட்டால் பெரும்பாலும் அலுத்துப் போய்விடும். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஊசிக்குப் போய்விடுங்கள். இதில் விளையாட்டு வேண்டாம்.

கேள்வி: செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா?

பதில்: அதைத் தலைக்கு வையுங்கள். செயினில் நாளாக நாளாகப் பிசுபிசுக்கும். தையல் மெஷின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி, மிச்சத்தைப் பழைய துணியால் துடையுங்கள். துடைக்காத எண்ணெய் ரோட்டுத் தூசியையெல்லாம் சேர்த்து வைத்திருந்து, உங்கள் வலதுகால் பேண்ட்டில் அப்பும். எதற்கும் அந்தக் காலில் மட்டும் ஒரு ரப்பர் பேண்ட் போட்டுக்கொள்ளுங்கள்.