நுரையண்ணன்

சிங்கப்பூரில் இயற்கையாக அமைந்த இடங்களிலேயே உயரமானது புக்கித் தீமா. 163 மீட்டர் சொச்சம். திருச்சி மலைக்கோட்டையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, அவ்வளவுதான். மலைக்கோட்டைக்கு நம்மூர்ப் பாட்டிகள் வெறுங்காலோடு ஏறி, உச்சிப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, இறங்கும்போது கீரை விலை பேசிக்கொண்டு வருவார்கள். இந்த உயரத்துக்காக, முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பர் வைத்து, பொத்தானை அழுத்தினால் சீட்டு தானாகத் தாழ்கிற, ஆல்ப்ஸ் சரிவுகளை மனதில் வைத்துச் செய்த சைக்கிளை வாங்கி, அதை மின்தூக்கியில் பின்சக்கரத்தின்மேல் நிமிர்த்தி நிறுத்திப் பன்னிரண்டாம் மாடிக்கு ஏற்றுகிறவர் நுரையண்ணன்.

இவர் ஒருவரல்ல. நாலு தமிழ் நண்பர்கள் சேர்ந்து வாட்ஸ்அப்பில் குழு வைத்தால், அதில் ஒரு நுரையண்ணன் இருப்பார். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். கணினி, கப்பல், வங்கி என்று ஏதோ ஒரு துறை. மதுரையிலிருந்து வந்து நிரந்தரவாசி ஆனவர்களிலும் உண்டு, இங்கேயே பிறந்து தேசிய சேவை முடித்தவர்களிலும் உண்டு. முழங்காலுக்குக் கீழே பெடல் முள் கீறிய தழும்பும், சட்டைப்பையில் சமையல் வெப்பமானியும் இருந்தால் அவரேதான். ஒரே பொழுதுபோக்கு என்றால் மனிதன் திருந்த வாய்ப்புண்டு. இவருக்கு இரண்டு: மலை சைக்கிள், வீட்டு பீர்.

பீர் விஷயத்தில் முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுவார். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்வார். 2004 முதல் சிங்கப்பூரில் வீட்டில் பீர் காய்ச்சிக்கொள்ளலாம். பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும். ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர். விற்கக் கூடாது. வாலை வைத்து வடிக்கவே கூடாது. இதைச் சுங்கத் துறை அதிகாரியே எதிரில் நிற்பதுபோன்ற பவ்யத்தோடு ஒப்பிப்பார். ஒரு தடவை காய்ச்சினால் வழக்கமாக 23 லிட்டர் வரும். அப்படியானால் மாதாமாதம் ஏழு லிட்டர் உரிமை வீணாகிறதே என்பது அவருடைய நெடுநாள் மனக்குறை. “30 வரைக்கும் விடுவோம்னு சொன்னா, 30 ஆகியே தீரணும்னு அர்த்தமா?” என்று வீட்டம்மா கேட்ட கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

பெரிய பாத்திரம் வாங்க இவர் லிட்டில் இந்தியாவுக்குப் போன காட்சியைப் பார்த்திருக்க வேண்டும். இணையத்தில் இதற்கென்றே விற்கிற பானை முந்நூறு வெள்ளி. பிரியாணி டேக்சாவுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று பொறியாளர் மூளை கேட்டுவிட்டது. கடைக்குள் நுழைந்து, டேக்சாக்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, காந்தம் ஒட்டுகிறதா என்று சோதித்து, உள்விட்டத்தை டேப்பால் அளந்தார். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

“எத்தன பேருக்கு சார் ஆக்கப் போறீங்க?”

“ஆள் கணக்கு இல்ல பாய். 23 லிட்டர் கொதிக்கணும். பொங்கி வழியாம இருக்கணும்.”

“அப்ப கஞ்சிதான். நோன்புக்கா?”

“இல்ல பாய்… பார்லி.”

பாய் முகம் சட்டென்று இளகிவிட்டது. “அடடா, வீட்ல யாருக்கு? நீர்க்கடுப்புக்கு பார்லியவிட நல்ல மருந்து இல்ல. ஆனா ஒரு டம்ளர் போதும் சார், 23 லிட்டர் வேணாம்.”

அண்ணன் உண்மையைச் சொல்லவில்லை. சொல்லாததற்குப் பரிகாரம்போல, பேரம் பேசாமல் காசைக் கொடுத்தார். போதாததற்கு பாய் ஒரு மூடியை இலவசமாகக் கொடுத்து, “சீக்கிரம் குணமாகட்டும்” என்று வேறு சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்ததும் புது டேக்சாவின் அடிப்பக்கத்தில் துளைபோட்டுக் குழாய் மாட்டினார். நல்ல பாத்திரத்தில் ஓட்டை போடுகிற மனிதரை முதல்முறையாகப் பார்த்த வீட்டம்மா, அன்று பூராவும் அவரோடு பேசவில்லை.

1516-இல் பவேரியாவில் போட்ட சட்டத்தின்படி பீரில் தண்ணீர், பார்லி, ஹாப்ஸ் மூன்றும் தவிர வேறெதுவும் சேர்க்கக் கூடாது என்று குழுவில் பாடம் நடத்துவதும் இவர்தான். அடுத்த வாரமே லிட்டில் இந்தியாவின் தேக்காவில் அரைக் கிலோ கொத்தமல்லி விதை வாங்குவதும் இவர்தான். கேட்டால் பெல்ஜியத்துக் கோதுமை பீரில் கொத்தமல்லியும் ஆரஞ்சுத் தோலும் மரபு என்பார். பெல்ஜியத்துக்கு பவேரியா சட்டம் செல்லாதாம். அது உண்மைதான். ஆனால் அதற்கடுத்த வாரம் கருப்பட்டி போட்டதற்கு எந்த நாட்டு மரபைச் சொல்வது என்று அவருக்கே தெரியவில்லை.

உண்மையான வில்லன் வெயில். சாதாரண ஏல் ஈஸ்ட்டுக்கு 18 முதல் 20 டிகிரி வரை சொகுசு வேண்டும். லாகர் ஈஸ்ட்டுக்கோ பத்துப் பன்னிரண்டு. சிங்கப்பூரிலோ குழாயைத் திறந்தாலே வெதுவெதுப்பாகத்தான் தண்ணீர் வரும். கொதித்த மால்ட் சாற்றைச் சட்டென்று ஆறவைக்க ஐஸ் கட்டியை மூட்டையாக வாங்க வேண்டும். நொதிக்க வைக்கத் தனிக் குளிர்பதனப்பெட்டி வேண்டும். நாலறை வீட்டில் அதற்கு எங்கே இடம்? முடிவில் மகனின் படிப்பு மேசை வரவேற்பறைக்குப் பெயர்ந்தது. பிறகுதான் ‘க்வைக்’ என்கிற ஈஸ்ட்டைக் கண்டுபிடித்தார். நார்வே நாட்டுப் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்த ஈஸ்ட். முப்பது, முப்பத்தைந்து டிகிரியிலும் முகம் சுளிக்காமல் வேலை செய்யும். பனி கொட்டுகிற நார்வேயில் பிறந்த ஒன்று சிங்கப்பூர் வெக்கையில் இப்படி உழைப்பதைப் பார்த்து அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. தன்னையும் சேர்த்து நினைத்திருப்பார்.

குளிர்பதனப்பெட்டி தேவையில்லை என்றானதும் பீர் நொதிக்கிற வாளி வரவேற்பறைக்கு வந்தது. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா அங்கேதான் படுப்பார். வாளி மூடியின் காற்றுக்குழாய் வழியாகக் கரியமில வாயு குமிழ் குமிழாக வெளியேறும், ப்ளக்… ப்ளக் என்று. விடிந்ததும் அம்மா கேட்டார்: “ஏண்டா, அந்த வாளிக்கு என்ன, ராத்திரி பூரா விக்கல் எடுக்குது? யாரோ நினைக்கிறாங்கபோல.”

போட்டிக்கு அரசாங்கமே இறங்கியது இவருக்குப் பெரிய அடி. கழிவுநீரைச் சுத்திகரித்த நியூவாட்டரில் ‘நியூபுரூ’ என்று ஒரு பீரை பொதுப் பயனீட்டுக் கழகமும் புரூவர்க்ஸ் நிறுவனமும் சேர்ந்து 2018-இல் ஒரு நீர் மாநாட்டில் அறிமுகம் செய்தன. 2022-இல் கடைக்கே வந்துவிட்டது. “நான் கருப்பட்டி போட்டா சிரிக்கறாங்க, அவங்க சாக்கடையிலேர்ந்து ஆரம்பிச்சா உலகமே கைதட்டுது” என்று புலம்பினார். இதில் என் ஓட்டு அண்ணனுக்கே.

ஆனால் காய்ச்சுவது பாதிதான். குடிக்க ஆள் வேண்டும். விற்கவும் முடியாது. 23 லிட்டரைத் தனியாகக் குடித்தால் குடும்ப நலத்துக்குக் கேடு. ஆகவே நண்பர்கள். தமிழ் நண்பர்களை வைத்துக்கொண்டு பீர் காய்ச்சுகிறவனுக்கு முதல் எதிரி பஞ்சாங்கம். புரட்டாசியில் பாதிப் பேர் சைவம், தீர்த்தமும் கிடையாது. அது முடிந்தால் மாரியம்மன் கோவில் தீமிதிக்கு விரதம் இருக்கிறவர்கள். கார்த்திகை பிறந்தால் ஐயப்பனுக்கு மாலை. மாலையைக் கழற்றியதும் தைப்பூசக் காவடிக்கு விரதம். தீபாவளிக்கும் கார்த்திகை முதல் தேதிக்கும் நடுவே ஒரு சின்ன சந்து கிடைக்கும். அந்தச் சந்துக்குள் பீர் பக்குவமாக வந்து நிற்க வேண்டும். வாளியில் ஒன்றிரண்டு வாரம், புட்டியில் இரண்டு வாரம் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டால், புரட்டாசி நடுவிலேயே அடுப்பு மூட்டியாக வேண்டும். வீடெல்லாம் மால்ட் வாசனை, வெளியே கோவிந்தா கோவிந்தா. ஹாப்ஸ் தூக்கலான பேல் ஏலை வேறு ஆறப்போட முடியாது, வைக்க வைக்க மணம் போய்விடும். ஒரு வருடம் தைப்பூசம் முடியட்டும் என்று காத்திருந்து திறந்தார்கள். “அட்டைப்பெட்டிய நனைச்ச மாதிரி இருக்கு அண்ணே” என்று ஒருவன் உண்மையைச் சொன்னான். அவனுக்கு அடுத்த புட்டி கிடையாது.

சைக்கிள் பயணத் திட்டத்துக்கும் இதே கதி. திங்கட்கிழமை காலை ஆரம்பிக்கும். வரைபடம், ஏற்ற இறக்கக் கோடு, எக்செல் அட்டவணை, வாக்கெடுப்பு. செஸ்ட்நட் பூங்காவா (81 ஹெக்டேர், நடப்பவர்களுக்கு வேறு பாதை, சைக்கிளுக்கு வேறு பாதை என்று இவருக்கு மனப்பாடம்), புக்கித் தீமாவா, ஊபின் தீவா? புதன்கிழமை சாக்குகள் வரத் தொடங்கும். மகளுக்கு பிஎஸ்எல்இ தேர்வு. தேசிய சேவை மறுபயிற்சி. மாமியார் விமானம் நள்ளிரவில் வருகிறது. வெள்ளிக்கிழமை மழை ரேடார் படங்கள். பெருவிரைவு ரயிலில் மடக்கு சைக்கிளுக்குத்தான் அனுமதி, மலை சைக்கிள் மடங்காது. கார் வைத்திருப்பவர் இருவர்தான். அவர்கள் காருக்குக் கொடுத்த உரிமைச் சான்றிதழ் காசில் ஊரில் ஒரு வீடே கட்டியிருக்கலாம், சேற்றுச் சக்கரத்தை உள்ளே ஏற்ற மனசு வருமா? வேன் வாடகைக்குத் தனியாக ஓர் அட்டவணை.

சனிக்கிழமை முக்கால்வாசி நேரம் தேக்காவில் புராட்டாவோடு முடியும். அங்கேயும் சட்டம் விடாது. 2013 டிசம்பர் கலவரத்துக்குப் பிறகு வந்த 2015 சட்டப்படி, சனி காலை ஏழு முதல் திங்கள் காலை ஏழு வரை லிட்டில் இந்தியாவின் பொது இடங்களில் குடிக்கக் கூடாது. ஆகவே அண்ணன் புட்டிகளை தமிழ் முரசில் சுற்றி, “வீட்டுக்குப் போய்த் திற, இங்க மூடியக்கூட தொடாதே” என்று சொல்லிச் சொல்லிக் கொடுப்பார். ஏதோ கடத்தல் நடக்கிறது என்று பக்கத்து மேசைக்காரர் பார்ப்பார்.

நுரையண்ணன் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். திட்டம் போடும்போதே அவர் முக்கால் தூரம் ஓட்டிவிடுகிறார், எக்கச்சக்கமாக வியர்த்தும்விடுகிறார். மிச்சம் கால் தூரத்துக்குத்தான் உடம்பு தேவைப்படுகிறது. டெய்ரி ஃபார்ம் பக்கம் போக நேர்ந்தால் வண்டியை நிறுத்தி ஒரு கதை சொல்வார். 1938-இல் கோலாலம்பூரில் ஹாஷ் ஹவுஸ் ஹாரியர்ஸ் என்று ஒரு கூட்டம் தொடங்கியது, காட்டில் ஓடிவிட்டு பீர் குடிப்பதற்கு. தொடங்கியவர்களில் முக்கியமானவர் கிஸ்பெர்ட் என்கிற கணக்காளர். 1942 பிப்ரவரியில் ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடிக்க வந்தபோது, இந்தப் புக்கித் தீமா வட்டாரத்தில் சண்டையிட்டு இறந்துபோனார். அவர் ஆரம்பித்த கூட்டம் பிறகு உலகமெங்கும் கிளை விட்டது. இதைச் சொல்லும்போது மட்டும் அண்ணனை யாரும் கிண்டல் செய்வதில்லை.

ஒருமுறை ஊபின் பயணம் நடந்தேவிட்டது. சாங்கி படகுத்துறையில் பன்னிரண்டு பேர் சேர்ந்தால் படகு கிளம்பும். சேராவிட்டால் பன்னிரண்டு பேர் காசையும் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம். அதற்காகவே குழுவில் பன்னிரண்டு பேரை வைத்திருக்கிறார். வந்தவர்கள் மூன்று பேர். இருவர் நாங்கள். மூன்றாவது, குழுவில் கட்டைவிரல் குறியைத் தவிர எதுவும் போட்டறியாத ஒரு தங்கச்சி. படகுக்காரர் எங்களையும் காலி இருக்கைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மொத்தக் காசையும் வாங்கிக்கொண்டார்.

ஊபினிலுள்ள கெத்தாம் மலை சைக்கிள் பூங்கா, பழைய கல்குவாரியைச் சுற்றி 2008-இல் திறந்தது, சர்வதேசப் போட்டித் தரம். கடினமானவை என்று கறுப்பு வைரக் குறி போட்ட சரிவுகள் இருக்கின்றன. அண்ணன் அதன் விளிம்பில் நின்று சரிவின் கோணம், டயர் காற்றழுத்தம், உடல் எடையைப் பின்னுக்குத் தள்ளுவது எல்லாம் விளக்கிக்கொண்டிருந்தார். தங்கச்சி “சரி அண்ணே” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். கீழே போய்த் திரும்பிப் பார்த்தாள். அண்ணன் இன்னும் டயர் அழுத்தத்தில்தான் இருந்தார்.

அவர் முதுகுப் பையில் மூன்று புட்டிகள். ஓட்டும்போது குடிக்கக் கூடாது என்பதால் சவாரி முடிந்து படகுத்துறையில்தான் திறப்பது என்று அட்டவணையிலேயே எழுதியிருந்தார். எழுதாதது ஒன்று. வீட்டு பீரில் வாயு ஏற்ற, புட்டிக்குள் கொஞ்சம் சர்க்கரை போட்டு மூடுவார்கள். மிச்ச ஈஸ்ட் அதைத் தின்று வாயுவை விட்டு அடியில் வண்டலாகப் படியும். அதை ஆட்டாமல் அசைக்காமல் வைத்திருந்து, சாய்த்து ஊற்ற வேண்டும். மலை சைக்கிள் என்பதோ கல்லிலும் வேரிலும் மூன்று மணி நேரம் குலுங்குவதற்கென்றே உண்டானது. இரண்டு பொழுதுபோக்கும் ஒன்றையொன்று கொல்லும் என்பது அவ்வளவு பெரிய அட்டவணையில் ஒரு கட்டத்தில்கூட இல்லை.

முதல் புட்டியைத் திறந்ததும் மூடி எங்கே போனது என்று தெரியவில்லை. நுரை அண்ணன் மூக்கில், கண்ணாடியில், தலைக்கவசத்தில். இரண்டாவதைத் தண்ணீர்ப் பக்கம் நீட்டித் திறந்தார். காத்திருந்த ஒரு சீனத் தாத்தா குடையை விரித்துக்கொண்டார். மூன்றாவதில் மிஞ்சிய நாலு வாய் பழுப்புக் கலங்கலை ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றினார். தங்கச்சி ஒரு மிடறு குடித்துவிட்டு, “நல்லா இருக்கு அண்ணே, இளநீ வாங்கிட்டு வரவா?” என்று கேட்டாள்.

அண்ணன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியை எடுத்தார். ‘சர்க்கரை லிட்டருக்கு 6 கிராம் அதிகம், 5 போதும்’ என்று குறித்துக்கொண்டார். படகு வருவதற்குள் குழுவில் அடுத்த வாரத்துக்கு வாக்கெடுப்பும் போட்டுவிட்டார்: செஸ்ட்நட், காலை ஆறரை. அன்று வராத ஒன்பது பேரும் ஐந்தே நிமிடத்தில் ‘வருகிறேன்’ என்று அழுத்திவிட்டார்கள்.