பரங்கிக்காய் ஏலம்

கொஞ்ச வருஷம் முன்பு எங்கள் சபைக்குப் பிரசங்கம் செய்ய நாகர்கோவிலிலிருந்து ஒருவர் வந்தார். காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் ஆட்டோக்காரரிடம், "ஐயர் வீட்டுக்குப் போகணும்" என்று சொல்லியிருக்கிறார். தெற்கே புராட்டஸ்டண்டு சபைகளில் போதகரை ஐயர் என்று சொல்வது பழைய பழக்கம். திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஜி.யு. போப்பே போப்பையர்தான். ஆட்டோக்காரருக்கு இந்தச் சரித்திரமெல்லாம் எதற்கு?

"எந்த ஐயர் சார்? இங்க திரும்பின பக்கமெல்லாம் ஐயர்தான்."

"பெரிய ஐயர் தம்பி. சபையை நடத்துறவர்."

ஆட்டோ நேராகச் சங்கர மடத்துப் பக்கம் போய், திண்ணை வைத்த ஒரு வீட்டு வாசலில் நின்றது. உள்ளேயிருந்து வந்த பெரியவர் விருந்தாளியின் வெள்ளை அங்கியையும் கையிலிருந்த கறுப்புப் புத்தகத்தையும் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது. உட்கார வைத்து டிகாஷன் காபி கொடுத்து, ஆட்டோக்காரருக்கு வழி சொல்லி அனுப்பினார். பிரசங்கியார் அன்று பிரசங்கத்தில் நல்ல சமாரியனை விட்டுவிட்டு அந்தக் காபியைப் பற்றியே பத்து நிமிஷம் பேசினார். எங்கள் ஐயரம்மா, பால் தீர்ந்துபோய் வரக்காபி கொடுத்திருந்தவர், முன்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்.

காஞ்சியில் வார்த்தையை யோசித்துத்தான் விட வேண்டும். 'பெரியவர்' என்று சும்மா சொன்னால் ஊரில் பாதிப் பேர் மடத்துப் பக்கம் பார்த்துக் கைகூப்புவார்கள். ஒரு எழுத்தைக் குறைத்துப் 'பெரியார்' என்றால் மீதிப் பாதி, இது அண்ணா பிறந்த ஊர் என்று ஞாபகப்படுத்தும். இதற்கு நடுவில்தான் நாங்கள். பிரஸ்பிட்டர் என்ற கிரேக்கச் சொல்லுக்கு மூத்தவர், பெரியவர் என்று பொருள். பிஷப் வேண்டாம், பெரியவர்கள் கூடிப் பேசிச் சபையை நடத்தட்டும் என்பதுதான் பிரஸ்பிட்டேரியன் ஏற்பாடு. ஆக எங்களிடமும் பெரியவர்கள் உண்டு. கமிட்டியில் பன்னிரண்டு பேர். கைகூப்பத்தான் யாரும் இல்லை.

இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவர்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள். 1837-இல் சென்னைக்கு வந்த ஜான் ஆண்டர்சன் தொடங்கிய பள்ளிக்கூடம்தான் வளர்ந்து கிறிஸ்தவக் கல்லூரி ஆயிற்று. 1839-இல் காஞ்சிக்கும் ஒரு பள்ளி வந்தது. அவர் பெயரோடு இன்றைக்கும் இருக்கிறது. அவர் இங்கே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே, 1843-இல், ஸ்காட்லாந்தில் தாய்ச்சபை இரண்டாக உடைந்தது. போதகரை நியமிப்பது யார், ஜமீன்தாரா சபையாரா என்று சண்டை. 450-க்கும் மேற்பட்ட போதகர்கள் சம்பளத்தையும் வீட்டையும் விட்டு வெளியே நடந்துவிட்டார்கள். சென்னையிலிருந்த ஆண்டர்சனும் அவர்கள் பக்கமே சேர்ந்தார். பிரிவதற்கு இவ்வளவு தைரியம் உள்ளவர்கள் சேர்வதற்கு நூறு வருஷம் எடுத்துக்கொண்டார்கள். 1908-இல் இங்குள்ள காங்கிரிகேஷனல் சபைகளோடு கைகோத்தார்கள். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளும் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை உருவானது. அதில் பேராயர்கள் உண்டு. எங்கள் தாத்தா சாகும்வரை இதைச் சொல்லிக்கொண்டிருந்தார்: "நாட்டுக்கு விடுதலை கெடைச்சு ஏழு வாரம் ஆவல. நமக்கு பிஷப்பு வந்துட்டாரு."

பேராயர் வந்தாலும் கமிட்டி போகவில்லை. பிரஸ்பிட்டேரியன் ரத்தம் கமிட்டியில்தான் ஓடுகிறது. எங்கள் சபை எது, எந்தத் தெருவில் என்று மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் அடுத்த ஏலத்தில் எனக்குக் கோழி விழாது.

கமிட்டியில் நான் இருந்த மூன்று வருஷத்தில் இரண்டு வருஷம் ஒரே விவாதம்: ஆராதனையின் முதல் பாட்டு பாமாலையா, கீர்த்தனையா? பாமாலை என்பது வெள்ளைக்கார மெட்டில் நின்ற இடத்திலேயே நிற்கும் பாட்டு. கீர்த்தனை என்பது தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் மாதிரியானவர்கள் ராகம் தாளம் போட்டுக் கொடுத்தது. தொடங்கினால் நம் ஆட்கள் சரணத்துக்குச் சரணம் வேகம் ஏற்றி, கடைசியில் ஆர்மோனியம் மூச்சு வாங்கும். பாமாலைக் கட்சிக்கு ஒரு ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் தலைவர். கீர்த்தனைக் கட்சிக்கு அவருடைய சொந்த மச்சான். வரதராஜப் பெருமாள் சந்நிதியில் யார் ஓதுவது, எதை முதலில் சொல்வது என்று வடகலையாரும் தென்கலையாரும் நூறு வருஷத்துக்கு மேல் கோர்ட்டுப் படி ஏறி இறங்கிய ஊர் இது. இந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு நாங்கள் மட்டும் எப்படிச் சும்மா இருப்போம்?

ஸ்காட்லாந்துத் தண்ணீரும் லேசானதல்ல. 1637-இல் எடின்பரோ செயின்ட் ஜைல்ஸ் ஆலயத்தில், ராஜா திணித்த புது ஜெபப் புத்தகத்தைப் படிக்க ஆரம்பித்ததும், ஜென்னி கெடஸ் என்ற அம்மாள் உட்கார்ந்திருந்த முக்காலியை எடுத்துப் படித்தவர் தலையைப் பார்த்து வீசினார் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. ஆர்கனை 'விசில் பெட்டி' என்று கேலி செய்தவர்களும் அவர்கள்தான். இதையெல்லாம் ஒருநாள் கமிட்டியில் எடுத்துச் சொன்னேன். எல்லோரும் கொஞ்ச நேரம் யோசித்தார்கள். பிறகு பொருளாளர், "நம்ம நாற்காலியெல்லாம் பிளாஸ்டிக்கு. வீசினாலும் அடிபடாது" என்றார். தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போயிற்று. இப்போது ஒரு வாரம் பாமாலை, ஒரு வாரம் கீர்த்தனை. ஐந்து ஞாயிறு வரும் மாதத்தில் ஐயர் லீவு போட்டுவிடுகிறார்.

அண்ணன் மகள் கல்யாணத்தையும் சொல்ல வேண்டும். எங்களில் மணப்பெண்ணுக்கு ஆலயத்தில் வெள்ளைச் சேலை. பட்டுக்கு உலகம் முழுக்கப் பேர் போன ஊரில் பிறந்த பெண் வேறு ஊரில் போய்ச் சேலை எடுப்பாளா? பிள்ளையார்பாளையத்தில் தெரிந்த நெசவாளரிடம் போனோம். தறிக்குழியில் உட்கார்ந்தபடியே கேட்டார்.

"உடல் இன்னா கலரு?"

"வெள்ளை."

"கரை?"

"அதுவும் வெள்ளைதான். வெள்ளி ஜரிகை."

காலை மிதியிலிருந்து எடுத்துவிட்டார். காஞ்சிப் பட்டின் பெருமையே கோர்வை: உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், மூன்று நாடா போட்டு, பக்கத்தில் ஒரு துணை ஆளை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இழையாகப் பின்னிக் கோத்து நெய்வது. "மூணு நாடாலயும் வெள்ளையே உட்டா, கோர்வை போட்டேன்னு எனக்கே தெரியாதுங்க. கல்யாணத்துக்கு வெள்ளையா?" என்று அண்ணியைப் பார்த்தார். அண்ணி விடவில்லை. நெய்து கொடுத்தார். அற்புதமான சேலை. திருமணத்தன்று மடிப்பு எடுக்கும்போதுதான் கவனித்தோம். உள்கரை ஓரமாக, முந்தி வரைக்கும், ஒரே ஒரு அரக்குச் சிவப்பு இழை. போனில் கேட்டதற்கு, "பொண்ணு நல்லா இருக்கட்டும்னு போட்டேன்" என்றார். அதற்குக் கூலி கேட்கவில்லை.

இனி பரங்கிக்காய்க்கு வருகிறேன்.

அறுப்பின் பண்டிகை என்பது விளைச்சலில் முதல் பலனை ஆலயத்துக்குக் கொண்டுவந்து படைப்பது. விவசாயிகளுக்கு ஏற்பட்ட பண்டிகை. எங்கள் சபையில் டீச்சர்கள், நர்சுகள், பட்டுக்கடைக் கணக்கர்கள், ரிட்டயர்டு ஆசாமிகள் இருக்கிறார்கள். அறுக்கிறவர் என்று பார்த்தால் டெய்லர் ஒருவர்தான். ஆகவே சனிக்கிழமை சாயங்காலம் சபையே ராஜாஜி மார்க்கெட்டில் நிற்கும். வாழைத்தாருக்கு எதிரில் ஐயரையும், கத்தரிக்காய்க் கடையில் செயலாளரையும் பார்த்து, பார்க்காத மாதிரி போக வேண்டும். வியாபாரிகளுக்கும் தேதி தெரியும். அன்று மட்டும் பேரம் கிடையாது.

நான் 80 ரூபாய்க்கு ஒரு பரங்கிக்காய் வாங்கினேன். நல்ல முற்றல், ஐந்து கிலோ இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அது பீடத்துப் படியில் கரும்புக் கட்டுக்கும் ஒரு கூடை முட்டைக்கும் நடுவில், நேற்றுதான் என் தோட்டத்தில் பறித்தது போல உட்கார்ந்திருந்தது. கால் கட்டிய இரண்டு நாட்டுக்கோழிகளில் ஒன்று, பாவ அறிக்கை நேரம் முழுக்கக் கொக்கரித்தது. மற்றவர்களைவிட மனமார அறிக்கை செய்தது அதுதான் என்று எனக்குத் தோன்றியது.

ஆராதனை முடிந்ததும் ஏலம். எங்கள் ஏலக்காரர் முன்பு கோஆப்டெக்ஸில் வேலை பார்த்தவர். துணியைப் பிரித்துக் காட்டிய கை, முருங்கைக்காயையும் பிரித்துக் காட்டும். விழுப்புரம் பக்கம் கோயிலில் எலுமிச்சம்பழம் ஆயிரக்கணக்கில் ஏலம் போனதைப் பேப்பரில் படித்துச் சிரிக்க எங்களுக்கு அருகதை இல்லை. எங்களிடம் ஒரு எலுமிச்சை 400 ரூபாய்க்குப் போயிருக்கிறது. எடுத்தவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார். "சபைக்கே குடுத்துர்றேன்" என்பார். மறுபடி ஏலம். அப்புறம் இன்னொருவர் எடுத்து, அவரும் சபைக்கே. ஒரே எலுமிச்சம்பழத்தை நாலு தரம் விற்றுக் கூரைக்குச் சுண்ணாம்பு அடித்த கதை எங்களிடம் உண்டு.

எங்கள் ஆலயத்தில் ஆண்கள் வலப்புறம், பெண்கள் இடப்புறம். நடுவில் தூண். யாரும் போட்ட சட்டமில்லை, யாரும் மாற்றியதும் இல்லை. பரங்கிக்காய் ஏலத்துக்கு வந்ததும், நாம் கொண்டுவந்தது மலிவாகப் போகக்கூடாதே என்று நானே 200 என்றேன். பெண்கள் பக்கத்திலிருந்து கை மட்டும் தெரிந்தது. ஏலக்காரர், "அக்கா 250" என்றார். யாரோ ஒரு அக்காவுக்கு என் பரங்கிக்காய் மேல் இவ்வளவு பிரியமா என்று நெஞ்சு நிறைந்தது. 300 என்றேன். 400. அந்தப் பக்கம் விடவில்லை. ஆண்கள் பக்கத்தில் ஹெட்மாஸ்டர் என் தொடையைத் தட்டி, "விடாதீங்க, மானப் பிரச்சினை" என்றார். 600. 750. ஏலக்காரருக்கு இரண்டு பக்கமும் தெரியும். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கூரை நினைப்பில் சொல்லவில்லை. 900. 1,000. 1,100 என்று நான் கத்தினேன். தூணுக்கு அந்தப் பக்கம் அமைதி. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்.

எழுந்து போய்க் காயை வாங்கிக்கொண்டு திரும்பினபோதுதான் பெண்கள் வரிசை முழுதாகத் தெரிந்தது. மூன்றாவது பெஞ்சில் என் மனைவி.

"நம்ம காயி கொறஞ்ச வெலைக்குப் போவக்கூடாதுன்னு கேட்டேன்," என்றாள் வெளியே வந்ததும். "எந்த லூசு ஏத்துறான்னு பாத்தேன்."

நியாயப்படி நான் "சபைக்கே" என்று சொல்லியிருக்க வேண்டும். அதிர்ச்சியில் விட்டுப்போயிற்று. காய் வீட்டுக்கு வந்து கட்டிலடியில் உட்கார்ந்தது. வாங்கிய 80-ஐயும் சேர்த்து 1,180 ரூபாய்க் காயை அறுக்க யாருக்கும் கை வரவில்லை. கார்த்திகை போய் மார்கழி வந்தது. எங்கள் வாலிபர் சங்கத்துப் பையன்கள் விடிய விடிய வீடு வீடாகக் கேரல் பாடி முடித்து, நாலரை மணிக்கு டீக்கடைக்கு வந்தார்கள். அதே நேரம் திருப்பாவை கோஷ்டியும் ஜால்ராவோடு அங்கே வந்துசேர்ந்தது. எங்கள் கிறிஸ்துமஸ் தாத்தா, பஞ்சுத் தாடியை மோவாய்க்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, நாமம் போட்ட ஒரு சிறுவனுக்கு மிட்டாய் கொடுத்தார். அவன் பதிலுக்கு ஒரு தொன்னை வெண்பொங்கல் கொடுத்தான். தாத்தாவுக்கு ஸ்பூன் இல்லை. தாடியில் ஒட்டிக்கொண்டது.

காய் அப்போதும் கட்டிலடியில்தான். பொங்கலுக்கு முந்தின நாள் எதிர்வீட்டு மாமி, ஏழு காய்க் கூட்டுக்குப் பரங்கி கிடைக்கவில்லை, மார்க்கெட்டில் எல்லாம் பிஞ்சு என்று சொல்லிக்கொண்டு நின்றார். நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முழுக்காயையும் தூக்கிக் கொடுத்துவிட்டோம். மாமிக்கு அதன் ஜாதகம் தெரியாது.

பொங்கலன்று மத்தியானம் ஒரு எவர்சில்வர் டப்பா நிறையக் கூட்டு வந்தது. இலையில் ஒரு கரண்டி வைத்துக்கொண்டு, நன்றாக இருக்கிறதே என்று இரண்டாவது கரண்டிக்கு டப்பாவை இழுத்தேன். மனைவி மூடியை எடுத்து மூடினாள்.

"போதும். ஒரு கரண்டி நூறு ரூபா."